பாலிசி கையில் இருக்கிறது. கொடுக்கப் பணம் இருக்கிறதா?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், காப்பீட்டு நிறுவனங்களில் அந்நிய முதலீட்டின் உச்சவரம்பை 74 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வரியும் இல்லை, வெளிநாட்டுப் பணமும் வருகிறது என்றால் சந்தை சூடுபிடிக்கும். ஏஜென்ட்களின் அழைப்புகள் நம் வீடுகளுக்கும் வரும்.

நம் சமுதாயத்தில் காப்பீடு என்றதும் எழும் முதல் கேள்வி, இது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்பதுதான். அது அவசியமான கேள்வி. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, வணிக ரீதியான காப்பீடு கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கிலான கூட்டுறவுக் காப்பீடே அதற்கு மாற்று என்றும் தீர்மானித்தது. அந்த விவாதத்தை நாம் இங்கே மீண்டும் எடுக்கவில்லை. எந்த முடிவில் இருப்பவரானாலும் பைக் வாங்கினால் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வேலை செய்யும் நிறுவனமே எடுத்துக் கொடுக்கும் மருத்துவக் காப்பீட்டிலும் நம்மில் பலர் இருக்கிறோம். ஆகவே ஏதாவது ஒரு பாலிசி இல்லாத வீடு குறைவு.

அப்படியிருக்க, நாம் கேட்க மறக்கும் இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. வாக்குக் கொடுத்த நிறுவனத்திடம், அந்த வாக்கை நிறைவேற்றப் பணம் இருக்கிறதா?

ஒரு மஹல்லா நிதியின் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய பொருளாதாரப் படிப்பு தேவையில்லை. ஒரு மஹல்லாவில் 200 குடும்பங்கள் சேர்ந்து உதவி நிதி ஒன்று நடத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். உறுப்பினர் ஒருவர் மவுத்தானால் அந்தக் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்பது வாக்கு. வழக்கமாக ஆண்டுக்கு நான்கு மவுத் என்றால் 2,00,000 செலவாகி, 40,000 மிஞ்சும். எல்லோருக்கும் திருப்தி.

கொரோனா போல ஒரு காலம் வருகிறது. அந்த ஆண்டில் ஒன்பது மவுத். கொடுக்க வேண்டியது 4,50,000. கையில் இருப்பதோ 2,40,000. முதல் நான்கு குடும்பங்களுக்கு முழுத் தொகை கிடைத்துவிடும். ஐந்தாவது குடும்பத்துக்கு 10,000 குறையும். ஆறாவது முதல் ஒன்பதாவது வரையிலான குடும்பங்கள் வெறுங்கையுடன் திரும்பும். நிர்வாகிகள் ஒரு ரூபாய்கூடக் கையாடவில்லை. சந்தாவும் ஒழுங்காக வந்தது. ஆனாலும் வாக்கு முறிந்தது.

காரணம், சராசரி ஆண்டுக்குத்தான் அவர்கள் கணக்குப் போட்டார்கள். மோசமான ஆண்டுக்குப் போடவில்லை. சந்தாவுக்கு வெளியே 2,10,000 ரூபாய் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தால் ஒன்பது குடும்பங்களுக்கும் கொடுத்திருக்கலாம். அந்த ஒதுக்குப் பணத்துக்குத்தான் காப்பீட்டுத் துறையில் மூலதனம் என்று பெயர். ஏழு வருட விளைச்சலிலிருந்து சேமித்து ஏழு வருடப் பஞ்சத்தைக் கடக்க வைத்த நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் மேடைகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். செழிப்பான காலத்தில் எடுத்து வைப்பது எவ்வளவு என்பதுதான் அங்கேயும் கணக்கு.

150 சதவீதம் என்றால் என்ன?

இந்தியாவில் காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிப்பது ஐஆர்டிஏஐ என்னும் ஆணையம். தர வேண்டிய கடன்கள் எல்லாவற்றுக்கும் ஒதுக்கியது போக, ஒரு நிறுவனத்திடம் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப்படும். சட்டப்படி இருக்க வேண்டிய மிச்சம் எவ்வளவு என்பதும் தனியே கணக்கிடப்படும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது சால்வென்சி ரேஷியோ, அதாவது கடன் தீர்க்கும் திறன் விகிதம். இது குறைந்தபட்சம் 150 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. 1.5 என்றும் எழுதுவார்கள்.

இருக்க வேண்டிய மிச்சத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். வாகனம், மருத்துவம், தீ விபத்து போன்ற பொதுக் காப்பீட்டில் இன்றைய விதி, சுருக்கமாகச் சொன்னால், பிரிமியத்தில் 20 சதவீதம் அல்லது கிளெய்ம் தொகையில் 30 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு நிறுவனம் ஒரு லட்சம் பேருக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்து 100 கோடி ரூபாய் பிரிமியம் வாங்குகிறது. பிரிமியக் கணக்கின்படி 20 கோடி. அதில் 150 சதவீதம் என்றால் 30 கோடி மூலதனம் வேண்டும். போட்டி நிறுவனம் வாடிக்கையாளர்களை இழுப்பதற்காக, அதே போன்ற ஒரு லட்சம் பேருக்கு 60 கோடிக்கே கொடுக்கிறது. அதற்கு 12 கோடியும், 150 சதவீதத்தில் 18 கோடியும் போதும். நோயும் மருத்துவமனைச் செலவும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் விலையை அடித்துக் குறைத்து அதிக ஆபத்தில் நிற்கும் நிறுவனத்திடம் குறைந்த மூலதனத்தைக் கேட்கிறது விதி. கிளெய்ம்கள் குவிந்த பிறகு அந்த 30 சதவீதக் கணக்கு விழித்துக்கொள்ளும். அதற்குள் காலம் கடந்திருக்கலாம்.

இது வெறும் கற்பனை அல்ல. ஆஸ்திரேலியாவின் பெரிய காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றான ஹெச்ஐஹெச் 2001 மார்ச்சில் வீழ்ந்தது. இழப்பு 530 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. விசாரித்த அரச ஆணையம் கண்டறிந்த முக்கியக் காரணம், வரப்போகும் கிளெய்ம்களுக்குப் போதிய பணத்தை அந்த நிறுவனம் ஒதுக்கவில்லை என்பது. வெளியே பார்க்கும்போது பிரம்மாண்டம். உள்ளே ஐந்தாவது குடும்பத்துக்குக் கொடுக்கப் பணமில்லாத மஹல்லா நிதியின் நிலை.

ஆபத்துக்கு ஏற்ற மூலதனம்

இந்தக் குறைக்கு மாற்றாக உலகம் ஏற்றுக்கொண்டு வரும் முறைதான் ரிஸ்க் பேஸ்டு கேப்பிட்டல், ஆபத்துக்கு ஏற்ற மூலதனம். எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு நிறுவனமும் சுமக்கும் ஆபத்துகளைத் தனித்தனியே எடைபோட்டு, அதற்கேற்ற மூலதனத்தைக் கேட்பது. பங்குச் சந்தை சரிந்தால் இந்த நிறுவனம் எவ்வளவு இழக்கும்? வட்டி விகிதம் மாறினால் என்ன ஆகும்? தொற்றுநோய் வந்தால்? 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்தது போன்ற வெள்ளம் வந்தால்? காப்பீடு செய்த கார்கள் எல்லாம் ஒரே நகரத்தில் இருக்கும் நிறுவனமும், நாடு முழுக்கப் பரவியிருக்கும் நிறுவனமும் பிரிமிய அளவில் ஒன்றாகத் தெரியலாம். வெள்ளம் வரும் நாளில் இரண்டும் ஒன்றல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் 2016 ஜனவரி 1 முதல் சால்வென்சி 2 என்ற பெயரில் இதை நடைமுறைப்படுத்துகிறது. இருநூறு ஆண்டுகளில் ஒருமுறை வரக்கூடிய அளவுக்கு மோசமான ஓராண்டையும் தாங்கும் மூலதனம் வேண்டும் என்பது அங்கே அளவுகோல். மலேசியா 2009இலும், இலங்கை 2016இலும் தங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தன. இந்தியாவில் ஐஆர்டிஏஐ நிறுவனங்களிடம் சோதனைக் கணக்குகள் வாங்கி, இந்த முறைக்கு மாறத் தயாராகி வருகிறது.

இதில் எல்லாம் நன்மையே என்று சொல்வதற்கில்லை. மூலதனம் அதிகம் வேண்டுமென்றால் அதன் செலவு பிரிமியத்தில் ஏறலாம். முதியவர்களையும் நீண்டகால நோயாளிகளையும் ஏற்க நிறுவனங்கள் தயங்கலாம். சிறிய நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களிடம் விழுங்கப்படலாம். ஆபத்தை எடைபோடும் தராசும் மனிதர்கள் செய்ததுதான். ஐரோப்பிய விதியின் பொதுச் சூத்திரத்தில், ஐரோப்பிய ஒன்றிய அரசுகள் தங்கள் நாணயத்தில் வெளியிடும் கடன் பத்திரங்களின் கடன் ஆபத்துக்கு மூலதனம் வைக்கத் தேவையில்லை. ஆனால் 2012இல் கிரீஸ் அரசின் பத்திரங்களை வைத்திருந்த தனியார் தங்கள் முதலில் பாதிக்கு மேல் இழந்தார்கள். எனவே கணக்கு நுணுக்கமாக இருந்தால் மட்டும் போதாது. அதில் இடப்படும் எடைக்கல்லும் நேர்மையாக இருக்க வேண்டும்.

விதி எல்லோருக்கும் ஒன்றா?

நம் நாட்டைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, கொல்கத்தாவின் நேஷனல், டெல்லியின் ஓரியண்டல் ஆகிய மூன்றும் மத்திய அரசின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள். 2019-20 முதல் மூன்று நிதியாண்டுகளில் அரசு இவற்றுக்கு முறையே 2,500 கோடி, 9,950 கோடி, 5,000 கோடி என மொத்தம் 17,450 கோடி ரூபாய் கொடுத்தது. அதன் பிறகும் 2024 மார்ச் இறுதிக் கணக்குப்படி மூன்றின் சால்வென்சி விகிதமும் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. கணக்கில் ஏற்கத்தக்க சொத்துகளைவிடக் கொடுக்க வேண்டியது அதிகம் என்பதே இதன் பொருள்.

இதனால் அங்கே பாலிசி வைத்திருப்போர் பதற வேண்டியதில்லை. அவற்றின் பின்னால் உரிமையாளராக அரசு நிற்கிறது, கிளெய்ம்கள் நின்றுவிடவில்லை. ஆனால் குறைந்தபட்ச அளவுகோலில் தவறிய நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் புதிய பாலிசிகளை விற்றுக்கொண்டே இருக்கின்றன. மூலதனம் இல்லாதவர் விலையைக் குறைத்து விற்கும்போது மற்றவர்களும் குறைக்க நேரிடுகிறது. கடைசியில் பள்ளத்தை நிரப்புவது மக்களின் வரிப்பணம்.

தனியார் நிறுவனத்தின் விஷயத்தில் அதே ஆணையம் வேறு விதமாக நடந்துகொண்டது. சஹாரா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு 2017 ஜூனில் நிர்வாகி ஒருவரை நியமித்தது. 2023 ஜூனில் அதன் சுமார் 2 லட்சம் பாலிசிகளை எஸ்பிஐ லைஃப் நிறுவனத்துக்கு மாற்ற உத்தரவிட்டது. ஆறு ஆண்டுகள் ஆனாலும் பாலிசிதாரர்கள் நடுத்தெருவில் விடப்படவில்லை. சொத்து மிச்சமிருக்கும்போதே தலையிடுவதுதான் கண்காணிப்பின் பயன். அளவுகோலை எவ்வளவு நுணுக்கமாக மாற்றினாலும், அதை அரசு நிறுவனத்தின் மீதும் வைத்துப் பார்க்காவிட்டால் அது வெறும் காகிதம்.

ஹலால் என்ற பெயர் மூலதனம் ஆகாது

தகாஃபுல் வந்துவிட்டால் இந்தப் பிரச்சினை இருக்காது என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். 1984இலேயே தகாஃபுலுக்குத் தனிச் சட்டம் இயற்றிய மலேசியா அப்படி எண்ணவில்லை. 2014 முதல் தகாஃபுல் நிறுவனங்களுக்கென்றே ஆபத்துக்கு ஏற்ற மூலதன விதியை அது நடைமுறைப்படுத்துகிறது. உறுப்பினர்களின் பொது நிதியில் பற்றாக்குறை வந்தால், நடத்தும் நிறுவனம் தன் சொந்தப் பணத்திலிருந்து வட்டியில்லாக் கடன், அதாவது கர்ள், கொடுக்க வேண்டும். அதற்கான பணத்தை முன்கூட்டியே வைத்திருக்கவும் வேண்டும். நிய்யத் தூய்மையானது என்பதால் கணக்கிலிருந்து விலக்கு இல்லை.

நம் பக்கத்தில் நடந்ததும் நினைவிருக்கும். 2019 ஜூனில் பெங்களூருவின் ஐஎம்ஏ நிறுவனம் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் சேமிப்பை இழந்து நின்றன. அது காப்பீட்டு நிறுவனம் அல்ல. ஆனால் ஹலால் என்ற சொல்லைக் கேட்டதும், பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பதை நம்மவர்கள் விட்டுவிட்டார்கள். நம்பிக்கை வைப்பதும் கணக்குக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

நாம் செய்யக்கூடியது

வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. எல்ஐசி பாலிசிகளுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு. மற்ற நிறுவனங்களின் பாலிசிகளுக்கு இப்படிப்பட்ட உத்தரவாதம் இல்லை. நிறுவனத்தின் மூலதனமும் ஆணையத்தின் கண்காணிப்பும்தான் அரண். எனவே பாலிசி எடுக்கும் முன், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ‘பப்ளிக் டிஸ்குளோஷர்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து சால்வென்சி ரேஷியோவைப் பாருங்கள். காலாண்டுக்கு ஒருமுறை அதை வெளியிட வேண்டும் என்பது விதி. ஓர் எண்ணை மட்டும் பார்க்காமல், மூன்று நான்கு ஆண்டுகளாக ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். மற்ற நிறுவனங்களைவிடப் பாதி விலைக்கு ஒரு பாலிசி வந்தால், மகிழ்வதற்கு முன் காரணம் கேளுங்கள்.

இந்த விகிதம் கொடுக்கும் திறனை மட்டுமே காட்டும்; கொடுக்கும் மனதைக் காட்டாது. வசதியிருந்தும் இழுத்தடிக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே எத்தனை கிளெய்ம்களைத் தீர்த்தார்கள், எத்தனையை மறுத்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் ஜமாஅத்துகளின் உதவி நிதிகளுக்கும் இதே பாடம்தான். நிர்வாகிகள் அமர்ந்து ஒரு கேள்விக்கு விடை எழுதட்டும்: வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மவுத் நேர்ந்தால் நம்மிடம் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் ஒதுக்கு நிதி சேரும்வரை வாக்குத் தொகையைக் குறைத்துச் சொல்லலாம். நாற்பதாயிரம் என்று சொல்லி எல்லோருக்கும் கொடுப்பது, ஐம்பதாயிரம் என்று சொல்லிச் சிலரை வெறுங்கையுடன் அனுப்புவதைவிட மேல். வாக்கும் ஓர் அமானத்தான். அதைக் கொடுக்கும் நாளிலேயே நிறைவேற்றும் வழியையும் எடுத்து வைத்துவிட்டால், சோதனை வரும் நாளில் எந்தக் குடும்பமும் கைவிடப்படாது, இன்ஷா அல்லாஹ்.