கண்ணகி சிலை எவருடைய உடைமை?

சென்னை மெரினாக் கடற்கரையிலே, 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நாட்டப்பட்ட சிலைகளுள் ஒன்று, சிலம்பேந்தி நீதி கேட்கும் கண்ணகியின் சிலை. 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டது. லொறியொன்று மோதிப் பீடம் பழுதுற்றதாம்! பீடத்தைத் திருத்தச் சில வாரங்கள் போதாவோ? ஆட்சி மாறி 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்படும்வரை, வழக்குரைத்த மாதரசி எழும்பூர் நூதனசாலையிலே சிறையிருந்தாள். வற்றாப்பளையில் அவளுக்குப் பொங்கலிடும் நாம் இதனை அயலூர்ச் செய்தியென்று தள்ளிவிடலாகாது.

பொதுவிடத்துச் சிலை ஆளுங்கட்சியின் தளபாடமன்று. அரசு அதற்கு நம்பிக்கைப் பொறுப்பாளனேயன்றி உடைமையாளனன்று. அகற்ற வேண்டின் காரணங் காட்டட்டும். மறுப்போர் வாதத்தையும் கேட்கட்டும். அதே கடற்கரைச் சாலையில் நின்ற சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடையூறென்ற வழக்கை உயர் நீதிமன்றம் விசாரித்த பின்னரே 2017 ஆகஸ்டில் பெயர்க்கப்பட்டது. தீர்ப்பை ஏற்பார் ஏற்கட்டும். முன்னரே வாதாட வழியிருந்தது. கண்ணகி சிலையோ முதலிற் பெயர்க்கப்பட்டது. வாதம் பின்னரே எழுந்தது. பாண்டியன்கூட அவளை உள்ளே அழைத்து வழக்கைக் கேட்டானே!

யாழ்ப்பாண மாநகர சபை முதலாய நம் சபைகள், சிலையொன்றை நாட்டுமுன்னும் பெயர்க்குமுன்னும் ஊரவர்க்கு அறிவித்தல் கொடுத்து, ஆட்சேபங்களைப் பகிரங்கமாக விசாரிக்க உபவிதி ஆக்குதல் வேண்டும்.