தொண்டையில் விளையும் கல்

திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர் இருமும்போது, அரிசிக் குறுணை போன்ற வெண்கட்டி ஒன்று வெளிவந்தால், "பஞ்சுத் தூசு உறைந்துவிட்டதோ!" என்று சந்தேகம் எழுவது இயல்பே. அது பஞ்சன்று, 'டான்ஸில்' கல்.

அடிநாவின் இருபுறமும் உள்ள டான்ஸில் சதையில் சிறு குழிகள் பல உண்டு. உணவுத் துணுக்குகளும், உதிர்ந்த உயிரணுக்களும், கிருமிகளும் அவற்றில் தங்கி, சுண்ணாம்புச் சத்தேறி இறுகுவதே இக்கல். வாயில் துர்நாற்றம் உண்டாக்கும். பெரும்பாலும் வேறு தீங்கு செய்யாது. பிறரைத் தொற்றுவதுமில்லை.

ஊக்கு, கொண்டையூசி முதலியவற்றால் அதைத் தோண்டுவதுதான் ஆபத்து. டான்ஸிலில் இரத்த ஓட்டம் மிகுதி, எளிதில் ரணமாகும். ஒரு டம்ளர் வெந்நீரை இளஞ்சூடாக ஆற்றி, அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் தொண்டை வரை கொப்பளியுங்கள். பல கற்கள் தாமே கழன்றுவிடும். பல் துலக்கும்போது நாவையும் வழியுங்கள்; தண்ணீர் தாராளமாகப் பருகுங்கள்.

ஆனால் ஒரு பக்கத்துச் சதை மட்டும் வீங்கியிருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, விழுங்குவது கடினமானாலோ, கைவைத்தியத்தை விட்டு உடனே வைத்தியரை நாட வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம். நாற்றத்துக்கு நாணி வாய் மூடியிருப்பதைவிட, வைத்தியரிடம் வாய் திறந்து காட்டுவதே விவேகம்.