முப்பதாவது ஆளும் முக்கியம்!

உங்கள் பள்ளி விளையாட்டு விழாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓட்டப் பந்தயம் முடிந்ததும் மைக்கில் எத்தனை பெயர்களைச் சொல்வார்கள்? மூன்றே மூன்று! நான்காவதாக வந்தவரை யாருக்கும் தெரியாது. அவருக்கும் பின்னால் வந்தவர்கள் பாதியிலேயே ஓட்டத்தை விட்டுவிட்டு நடந்திருப்பார்கள். "இனிமேல் ஓடி என்ன ஆகப்போகிறது?" என்று நினைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், பின்னால் வருபவர் நின்றுவிட்டால் முதலில் வந்தவரின் அணியே தோற்றுப்போகும் பந்தயம் ஒன்று இருக்கிறது. அதுதான் கிராஸ் கன்ட்ரி. அதில் மார்க் போடும் முறை எல்லாப் பள்ளிகளுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கிராஸ் கன்ட்ரிக்கு ஸ்டேடியம் வேண்டாம். புல்வெளி, மேடு, பள்ளம், காட்டுப்பாதை... இவைதான் மைதானம். இங்கிலாந்து, அயர்லாந்து போன்ற நாடுகளில் இதைக் குளிர்காலத்தில்தான் நடத்துகிறார்கள். எலும்பைத் துளைக்கும் குளிர், முகத்தில் அறையும் காற்று, கணுக்கால் வரை சேறு! ஒரு மைதானம் போல இன்னொன்று இருக்காது என்பதால் இந்த ஓட்டத்துக்கு உலக சாதனை நேரமே கிடையாது. எத்தனை நிமிடத்தில் வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனையாவது ஆளாக வந்தீர்கள் என்பதே கேள்வி.

இதைத் தொடங்கி வைத்தது யார் தெரியுமா? உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள்தான்! சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு விளையாட்டு இருந்தது. இரண்டு பேர் முயல் மாதிரி முன்னால் ஓடி, வழியெல்லாம் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவார்கள். மற்றவர்கள் வேட்டை நாய்கள் போல அந்தத் தடம் பார்த்துத் துரத்துவார்கள். அதுதான் வளர்ந்து பந்தயமானது. 1876-ல் இங்கிலாந்தின் முதல் தேசியப் போட்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. காட்டுக்குள் ஓடிய 32 பேரும் வழி தவறிவிட்டார்கள்! போட்டியே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டுதான் ஒழுங்காக நடந்தது.

சரி, மார்க் கணக்குக்கு வருவோம். முதலில் வருபவருக்கு 1, பத்தாவதாக வருபவருக்கு 10. அணியில் முதல் 4 பேரின் எண்களைக் கூட்ட வேண்டும். எந்த அணியின் கூட்டுத்தொகை குறைவோ, அந்த அணிக்கே வெற்றி.

சிவப்பு அணியினர் 1, 2, 3, 30 ஆகிய இடங்களில் வருகிறார்கள் என்று வையுங்கள். கூட்டினால் 36. நீல அணியினர் 5, 6, 7, 8-ல் வருகிறார்கள். கூட்டினால் 26. ஜெயித்தது நீல அணி! முதல் மூன்று இடத்தையும் பிடித்த சிவப்பு அணிக்குக் கோப்பை இல்லை. அந்த முப்பதாவது ஆள் மட்டும் இன்னும் 11 பேரை முந்தி 19-வதாக வந்திருந்தால், கூட்டுத்தொகை 25. கோப்பை சிவப்பு அணிக்கு! இப்போது சொல்லுங்கள், அவர் ஓடி என்ன பயன் என்று யாராவது கேட்க முடியுமா?

நிஜத்திலும் இப்படித்தான். 1979-ல் அயர்லாந்தின் லிமரிக் நகரில் உலகப் போட்டி நடந்தது. மழையில் ஊறிய மைதானம் சேறாகிக் கிடந்தது. அந்தச் சேற்றில் எல்லாரையும் முந்தி, உள்ளூர் மக்களின் ஆரவாரத்துக்கு நடுவே முதலாவதாக வந்தார் அயர்லாந்து வீரர் ஜான் ட்ரேசி. அன்று அயர்லாந்து அணிக்கு வெள்ளியும் கிடைத்தது. அப்போது அணிக்கு 6 பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். ட்ரேசிக்குப் பின்னால் சேற்றோடு மல்லுக்கட்டிய 5 பேர் இல்லாவிட்டால் அந்த வெள்ளி ஏது?

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தக் குளிர்கால ஓட்டத்தைக் கோடை வெயிலில் வைத்தார்கள். புறப்பட்ட 38 பேரில் 15 பேர்தான் ஓடி முடித்தார்கள்! ஃபின்லாந்தின் பாவோ நூர்மி முதலிடம், வில்லே ரிட்டோலா இரண்டாமிடம். ஆனால் அணிக்குத் தங்கம் வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒருவரும் வந்து சேர வேண்டும். களைத்துத் துவண்ட ஹெய்க்கி லீமாட்டைனன் 12-வது ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்டினார். ஃபின்லாந்துக்குத் தங்கம்! அந்த வெயிலுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்த ஓட்டமே நடக்கவில்லை.

"சேற்றிலும் குளிரிலும் ஓடினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். வீரர்கள் அதற்கென்று சில பழக்கங்கள் வைத்திருக்கிறார்கள். ஓட்டம் தொடங்கும் வரை கனமான உடையைக் கழற்ற மாட்டார்கள். உடம்பைச் சூடாக்கிக்கொண்டே இருப்பார்கள். முடிந்தவுடன் முதல் வேலை ஈர உடையை மாற்றுவது. ஈரத்துணி உடம்புச் சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். சேற்றில் எட்டி எட்டிக் கால் வைக்காமல், சின்னச் சின்ன அடியாக வைப்பார்கள். ஷூவின் அடியில் நீளமான ஆணிகள் இருக்கும். எதிர்காற்று அடித்தால் ஒருவர் பின்னால் ஒருவராக ஓடுவார்கள். முன்னால் ஓடுபவர் காற்றைத் தாங்குவார். பின்னால் வருபவருக்குச் சிரமம் குறையும். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். காற்றைக்கூடப் பங்கு போட்டுக்கொள்ளும் ஓட்டம் இது!

"அப்படியானால் முதலில் வருபவருக்கு மதிப்பில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நிச்சயம் உண்டு. அவருக்குத் தனிப் பதக்கம் இருக்கட்டும். அதோடு, வகுப்புக்கு ஒரு கோப்பையும் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 10 பேரின் இடங்களைக் கூட்டினால் போதும். செலவு? ஒரு பேப்பரும் ஒரு பேனாவும்தான்!

அடுத்த விளையாட்டு விழாவுக்கு முன் உங்கள் பி.டி. ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முதல் ஆள் எப்போதோ வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஆனாலும் மூச்சிரைக்க வரும் பத்தாவது ஆளுக்காக வகுப்பே எல்லைக்கோட்டில் நின்று, "ஓடு... ஓடு... இன்னும் ஒருத்தரை முந்து!" என்று கத்தும். அந்தச் சத்தத்தை அவர் வாழ்நாளில் மறக்க மாட்டார்!