கடல் கடந்தால் குடிமை கரைந்துவிடுமோ?

2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் புதுவையிலும் காரைக்காலிலும் தமிழர் பலர் வரிசையில் நின்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு ஒப்போலை (வாக்கு) இட்டனர். 1962-இல் புதுவை சட்டமுறைப்படி இந்தியாவுடன் இணைந்தகாலைப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பத்தினர் அவர்களுட் பலர். பாரிசு எத்துணைத் தொலைவு! ஆயினும் அவ்வரசு தன் குடிமக்களின் வாயிலுக்கே ஒப்போலைச் சாவடியைக் கொணர்ந்தது. அயல்நாடுகளில் வாழும் தன் மக்களுக்கென்றே நாடாளுமன்றக் கீழவையில் 2012 முதல் 11 இருக்கைகளும் வைத்துள்ளது.

இதனை மறுதலையாக எண்ணிப் பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு பாரிசில் உழைக்கும் புதுவைத் தமிழர் ஒருவர் தம் தொகுதிக்கு ஒப்போலை இட விரும்பின், வானூர்தி ஏறிப் புதுவைக்கே வந்தாக வேண்டும்!

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வளைகுடா நாட்டில் கட்டடப் பணி செய்கின்றார். விடுமுறையில் வந்திருந்தபோது, "ஐயா, அங்கே எனக்கு ஒப்போலை இல்லை, இங்கே இருந்தும் வர இயலாது. அப்படியானால் நான் எந்நாட்டுக் குடிமகன்?" என்று வினவினார். விடை கூற இயலாது நின்றேன்.

2010-இல் திருத்தப்பட்ட மக்கள் பேராண்மைச் சட்டம், வேற்று நாட்டுக் குடியுரிமை பெறாத அயலகத்தார்க்குப் பெயர்ப்பதிவு உரிமை தந்தது. ஆனால் நேரில் வந்தே ஒப்போலை இடுக என்றது. வழிச்செலவுக்கு ஈராண்டுச் சேமிப்பைக் கொட்டும் கூலித்தொழிலாளிக்கு இஃது உரிமையா, உரிமையின் நிழலா? பகராள் (தமக்காக ஒப்போலை இடும் ஆள்) வழி இடும் சட்டவரைவு 2018-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே, மக்களவை கலைந்தபோது 2019-இல் மடிந்தது. படைஞர்க்கு உள்ளதுபோல் மின்வழி அஞ்சல் ஒப்போலையை அயலகத்தார்க்கும் தரலாமெனத் தேர்தல் ஆணையமே 2020-இல் முன்மொழிந்தது. அதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

குறை அரசினிடம் மட்டுமோ? 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இந்திய அளவில் பெயர் பதிந்த அயலகத்தார் ஏறத்தாழ 1,19,000 பேரே. வந்து ஒப்போலை இட்டோர் 3,000 பேர்க்கும் குறைவு. பதிந்தோருள் ஏறத்தாழ முக்காற்பங்கினர் கேரளத்தார். மக்கள் தொகையில் தமிழ்நாட்டிற் பாதிக்கும் குறைந்த நாடு அது! அவர் விழித்திருக்க, நாம் உறங்குவதேன்?

"ஊரை விட்டுப் போனவர்க்கு ஊராட்சியில் என்ன வேலை?" என்பார் சிலர். போனவர் அனுப்பும் பணத்தில் வீடு எழும்போதும், பிள்ளைகள் படிக்கும்போதும் இக்கேள்வி எழுவதில்லையே! வளைகுடா நாடுகள் உழைக்கச் சென்றோர்க்குக் குடியுரிமை தருவதில்லை என்றே கொள்ளலாம். நாளை அவர் திரும்பி வந்து வாழப்போவது இம்மண்ணிலேதான். ஏய்க்கும் ஆள்சேர்ப்பு முகவரை ஒடுக்குவதும், அயலில் இறந்தோர் உடலை விரைந்து கொணர்வதும், தம் மக்கள் எம்மொழியிற் பயில்வதென முடிவு செய்வதும் இங்குள்ள ஆட்சியே. அதனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் இழந்தால், உலகில் எங்குமே ஒப்போலையற்ற ஏதிலர் ஆவர் அவர்.

அயலகத் தமிழரே! இந்தியக் குடியுரிமையும் 18 அகவையும் உடையீராயின், படிவம் 6அ-வை இன்றே நிரப்புக. கடவுச்சீட்டிலுள்ள நும் ஊர் முகவரிக்குரிய தொகுதியின் பதிவு அலுவலர்க்கு அஞ்சலிலோ, தேர்தல் ஆணையத்தின் இணையவழியிலோ விடுக்க. விடுமுறையைத் தேர்தல் நாளோடு பொருத்த இயலுவோர், மூலக் கடவுச்சீட்டோடு வந்து ஒப்போலை இடுக. வர இயலாதோரும் பதிவை விடற்க. பட்டியலில் இல்லாதவனுக்காக எந்த ஆட்சியும் சட்டம் திருத்தாது. பத்தாயிரம் பெயர் ஒரு முணுமுணுப்பு. பத்திலக்கம் பெயரோ ஆட்சியாளர் செவிப்பறையைத் தாக்கும் முரசு!

ஊரிலுள்ளோரே! கடலுக்கப்பால் உள்ள நும் மகனுக்கு எழுதும் அடுத்த மடலில், நலம் வினவிய பின் இதனையும் வினவுக: "பெயரைப் பதிந்தாயா?"