பல் கட்டும் செலவும் சாலைத் தொழிலாளியும்

சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்குபவருக்கும் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும் பல் வைத்தியம் என்றால் பெரும்பாலும் பிடுங்குவதுதான். தாடையெலும்பில் டைட்டானியம் திருகு பதித்து வாய் முழுவதும் பல் கட்டும் முறை இப்போது பரவி வருகிறது. ஸ்வீடனில் 1965-ல் பிரனேமார்க் நோயாளிக்குச் செய்து தொடங்கிய இது நல்ல முறைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் செலவு லட்சங்களில்.

விலைப்பட்டியலில் வராத செலவு வேறு. திருகு எலும்புடன் ஒன்றுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முதல் சில நாட்கள் முகம் வீங்கும். கஞ்சியும் குழைந்த சோறும்தான் ஆகாரம். பாரம் தூக்கலாகாது. அந்த நாட்களின் கூலியை யார் தருவார்? சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் பீடியை விடாதவருக்கும் திருகு பிடிக்காமல் போகும் அபாயம் அதிகம். சாதாரண மருத்துவ இன்ஷூரன்ஸோ, விபத்தில் போன பல்லுக்கன்றிப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. தவணைக் கடனை நம்பி நாற்காலியில் உட்காருமுன் இவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கழற்றி மாட்டும் பல்செட் அத்தனை உறுதியானதல்ல, எனினும் கைக்கெட்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயதானவர்களுக்குக் கேரள அரசின் ‘மந்தஹாசம்’ திட்டம் அதை இலவசமாக்கியது. ஐம்பதிலேயே பல்லிழந்த சுமைக்காரருக்கு அதில் இடமில்லை. நகரின் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் முதலில் விசாரிப்பதே அவருக்கு உசிதம்.