கரடிக்கு மூடிய சாலை

"தனியாவா போறே?"

ஜாஸ்பரிலிருந்து லேக் லூயிஸ் வரை சைக்கிளில் போகப்போகிறேன் என்று சொன்னதும் பதினொரு பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். எண்ணி வைத்திருக்கிறேன். என் அலுவலகத்தில் ஒரு பையன் அதற்கு முந்தைய கோடையில் இதே சாலையில் தனியாகப் போய்வந்தான். அவனிடம் எந்த கியர், எத்தனை அங்குல டயர், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

கனடாவின் ராக்கி மலைத்தொடரில் ஜாஸ்பர், பான்ஃப் என்ற இரண்டு தேசியப் பூங்காக்கள் ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டையும் இணைக்கும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்னும் சாலை ஏறக்குறைய 230 கிலோமீட்டர் நீளம். உலகம் முழுவதிலிருந்தும் சைக்கிள் பயணிகள் இங்கே வருகிறார்கள். வழியில் சன்வாப்டா, போ என்று இரண்டு கணவாய்கள். இரண்டுமே கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். ஜூலையிலும் பனி பெய்யலாம். பெரும்பாலான இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. நடுவில் ஒரே ஓர் இடத்தில்தான் பெட்ரோலும் சாப்பாட்டுக் கடையும். இரவு தங்க முகாம் திடல்களும், குழாய்த் தண்ணீர் இல்லாத மரக்குடில் விடுதிகளும் உண்டு. சாலையோரம் அகலம். ஏற்றம் நீளமே தவிர செங்குத்து இல்லை. மூச்சைப் பழக்கியவர் யாரும் போகலாம். முழங்கால் வலிக்கும், அவ்வளவுதான்.

கரடி உண்டு. கறுப்புக் கரடியும் கிரிஸ்லியும். அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வருவதால் கரடி திடுக்கிட்டுவிடும், ஆகவே வளைவுகளில் குரல் கொடு. நூறு மீட்டர் தள்ளியே இரு. சாப்பாட்டையும் பற்பசையையும் கூடாரத்துக்குள் வைக்காதே, திடலில் உள்ள இரும்புப் பெட்டியில் வை. காரமான ஸ்பிரேயை மூட்டைக்குள் புதைக்காமல் கைக்கு எட்டும்படி கட்டிக்கொள். பூங்காவின் ஒவ்வொரு நுழைவாயிலிலும் இதை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கரடி ஓர் ஆபத்து; ஆபத்துக்கு நடைமுறை இருக்கிறது; நடைமுறையைப் படித்துக்கொண்டால் போகலாம்.

புதுக்கோட்டையில் இருக்கும் அம்மாவிடம் ஃபோனில் இதையெல்லாம் விளக்கினேன்.

"கரடிக்கு ஸ்பிரே இருக்கும்மா."

"நான் கரடியைக் கேக்கலடி."

அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டது 1990களின் தொடக்கத்தில். அறிவொளி இயக்கக் காலம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மிதிக்கத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து ரோட்டோரத்தில் ஆண்கள் பேசிய பேச்சை அம்மா இன்றைக்கும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் மிதிப்பதை நிறுத்தவில்லை. தண்ணீர்க் குடத்தையும் என்னையும் அதில்தான் ஏற்றிக்கொண்டு போனாள். அந்த அம்மாதான் கேட்கிறாள். பயந்த பெண்ணின் கேள்வி என்று அதை ஒதுக்க என்னால் முடியவில்லை.

2024இல் சமூக ஊடகங்களில் ஒரு கேள்வி பரவியது: காட்டில் தனியாக இருக்கும்போது யாரைச் சந்திப்பாய், கரடியையா, முன்பின் தெரியாத ஓர் ஆணையா? நிறையப் பெண்கள் கரடி என்றார்கள். ஆண்கள் புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. அது பெண்ணின் பயத்தை எடைபோட்டுப் பார்க்கிறது, பயம் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்கிறது. கேட்கவேண்டிய கேள்வி வேறு. கரடிக்காக அரசு என்ன செய்திருக்கிறது, பெண்ணுக்காக என்ன செய்திருக்கிறது?

பான்ஃபில் கரடிக்காகச் செய்திருப்பதைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வேலி. விலங்குகள் கடப்பதற்கென்றே சாலைக்கு மேலே 6 பாலங்கள், கீழே 38 சுரங்க வழிகள். பாலத்தின் மேல் மண் கொட்டி மரம் வளர்த்திருக்கிறார்கள், விலங்குக்குப் பாலம் என்று தோன்றாமலிருக்க. போ பள்ளத்தாக்குச் சாலையில் 17 கிலோமீட்டரை மார்ச் 1 முதல் ஜூன் 25 வரை இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை மூடிவிடுகிறார்கள். காருக்கு மட்டுமல்ல, எனக்கும் சைக்கிளுக்கும்கூட. கரடி இருந்தால் ஒரு நடைபாதையையே மூடுவார்கள், குட்டிகளோடு தாய்க்கரடி என்றால் இன்னும் கவனம். சாலையோரம் கரடி மேயும்போது வண்டிகளை நிறுத்தி வேடிக்கை பார்க்காதே என்று ஓட்டுநர்களைக் கண்டிக்கிறார்கள்.

இது நல்ல காரியம். கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தப் பாலங்களைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. இதில் உள்ள தர்க்கத்தை மட்டும் கவனியுங்கள். கரடி வெளியே வரக்கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஆபத்தை உண்டாக்குகிறவனுக்குத்தான் நேரக் கட்டுப்பாடு, வேலி, அபராதம்.

இப்போது ஜாஸ்பரிலிருந்து தெற்கே திரும்பாமல் மேற்கே போவோம். பூங்காவுக்குள் நுழைகிற அதே 16ஆம் எண் நெடுஞ்சாலை யெல்லோஹெட் கணவாயைத் தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போகிறது. இதுவும் சைக்கிள் பயணிகள் விரும்பும் தடம்தான், பசிபிக் கரையில் பிரின்ஸ் ரூபர்ட்வரை போய் அங்கே கப்பல் ஏறலாம். நான் படித்த வழிகாட்டிகள் ஆறுகளையும் சால்மன் மீனையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. பிரின்ஸ் ஜார்ஜ் முதல் பிரின்ஸ் ரூபர்ட் வரையுள்ள ஏறக்குறைய 720 கிலோமீட்டருக்கு அங்கே வாழும் மக்கள் வைத்திருக்கும் பெயர் அவற்றில் இல்லை. கண்ணீர் நெடுஞ்சாலை.

1969 முதல் அந்தச் சாலையிலும் அதையொட்டிய சாலைகளிலும் பெண்கள் காணாமல் போனார்கள், கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பெண்கள், பலர் சிறுமிகள். காவல்துறை தன் பட்டியலில் சேர்த்தது 18 பேரை. பழங்குடிக் குடும்பங்கள் சொல்லும் எண்ணிக்கை 40ஐத் தாண்டும். அவர்கள் ஏன் அந்தச் சாலையில் போகிற வண்டிக்குக் கை காட்டினார்கள்? வேலைக்கு, பள்ளிக்கு, மருத்துவமனைக்குப் போக வேறு வழி இல்லை. கார் இல்லை, பேருந்தும் இல்லை. 2006இல் குடும்பத்தார் பிரின்ஸ் ரூபர்ட்டிலிருந்து பிரின்ஸ் ஜார்ஜுக்கு நடந்தே வந்தார்கள். அங்கே கூடிய மாநாடு 33 பரிந்துரைகளைக் கொடுத்தது. முதல் பரிந்துரை, ஊர்களை இணைக்கும் பேருந்து.

பேருந்து ஓடத் தொடங்கியது 2017இல். பதினோரு ஆண்டுகள்! அடுத்த ஆண்டே, அதுவரை அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தனியார் நெடுந்தூரப் பேருந்து நின்றுபோனது. அரசு அதற்கு மாற்றாக விட்ட வண்டி வாரத்தில் சில நாட்கள்தான்.

பேருந்துக்கு முன்பு அங்கே வந்தது விளம்பரப் பலகை. பெண்களே, இந்தச் சாலையில் வண்டிக்குக் கை காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள்.

கரடிக்குப் பாலம், பெண்ணுக்குப் பலகை. பூங்காவுக்குள் ஓட்டுநரிடம் 'நிறுத்தாதே' என்று சொல்லத் தெரிந்த நாடு, பூங்காவுக்கு வெளியே அதே எண்ணுள்ள சாலையில் பெண்ணிடம் 'போகாதே' என்று சொன்னது.

நான் சேமிப்பும் விடுப்பும் வாங்கி, விரும்பி அந்தச் சாலைக்கு வந்தவள். அவர்கள் வேறு வழியில்லாமல் நின்றவர்கள். என் பயத்தையும் அவர்களுக்கு நேர்ந்ததையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் 'தனியாகப் போகாதே' என்று எனக்குச் சொன்ன வாயும் 'ஏன் தனியாகப் போனாள்' என்று அவர்களைப் பற்றிக் கேட்ட வாயும் ஒன்றுதான்.

இந்த 'மனிதர் இல்லாத காடு' என்கிற பெருமைக்கும் கொஞ்சம் கணக்குக் கேட்கவேண்டும். ஜாஸ்பர் 1907இல் பூங்கா ஆனபோது அங்கே மேட்டி குடும்பங்கள் வீடு கட்டி, நிலம் உழுது, குதிரை வளர்த்து வாழ்ந்துகொண்டிருந்தன. 1910இல் அவர்களை வெளியேற்றினார்கள். லூயிஸ் ஸ்விஃப்ட் என்ற வெள்ளைக்காரர் மட்டும் தன் நிலத்தில் இருந்துகொண்டார். அவருடைய மனைவி சுசெட் மேட்டி பெண். அண்டை வீட்டாரெல்லாம் போனபிறகு அந்தப் பள்ளத்தாக்கில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசிக்கிறேன். பான்ஃபிலும் ஸ்டோனி நகோடா மக்களை அவர்களுடைய வேட்டை நிலங்களிலிருந்து தள்ளிவைத்தார்கள். ஆளைத் துரத்திவிட்டு ஆளில்லாக் காடு என்று பெயர் வைத்தார்கள்.

பெண் பயணி என்று இங்கே கொண்டாடப்படுவது மேரி ஷாஃபர். ஃபிலடெல்ஃபியாக்காரர், கணவரை இழந்தவர். ஆண்கள் மலைக்குக் கிளம்பும்போது பெண்கள் ஏன் வீட்டில் கைகட்டி உட்கார்ந்திருக்கவேண்டும் என்று கோபப்பட்டு, தோழி மேரி ஆடம்ஸோடு குதிரையில் புறப்பட்டவர். 1908இல் மலீன் ஏரியை அடைந்தார். இன்றும் அவர் அதைக் 'கண்டுபிடித்ததாக' எழுதுகிறார்கள். வழியைக் காட்டியது ஒரு வரைபடம். அதைப் போட்டுக் கொடுத்தவர் சாம்சன் பீவர் என்ற ஸ்டோனி மனிதர், சிறுவனாக அப்பாவோடு போன நினைவிலிருந்து. அந்த ஏரிக்கு அவர்கள் மொழியில் ஏற்கெனவே பெயர் இருந்தது. எனக்கு மேரி ஷாஃபரின் கோபம் பிடிக்கும். அந்தக் கோபத்தில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

என் பயணத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள், போ கணவாய் ஏற்றம். நடக்கிற வேகத்தில்தான் மிதிக்க முடிந்தது. பின்னால் வந்த பிக்கப் வண்டி என்னைத் தாண்டவில்லை. பக்கத்தில் அதே வேகத்தில் ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. தனியாகவா வந்திருக்கிறாய், இன்றிரவு எங்கே தங்குகிறாய் என்று அந்த ஆள் கேட்டார். சிரித்த முகம். என் கணவர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்றேன். எனக்குக் கணவர் இல்லை. வண்டி போய்விட்டது.

அவர் நல்லவராகவே இருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்தவராக இருக்கலாம். நூறு மீட்டர் என்று அவருக்கு யாரும் அச்சடித்துக் கொடுத்ததில்லை. என் கை ஸ்பிரேயின் மேல் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். கனடாவில் அதே காரத்தைக் கரடிக்காக வைத்திருந்தால் சட்டப்படி சரி. மனிதருக்கு எதிராக என்று வைத்திருந்தால் குற்றம். எல்லோர் கையிலும் ஸ்பிரே கொடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. என் பாதுகாப்புக்கு அந்த நொடியில் கிடைத்த ஒரே கருவி இல்லாத ஒரு கணவன் என்பதைச் சொல்ல வந்தேன். நாற்பது வயதில், இரண்டு கணவாய்களை மிதித்து ஏறியவளுக்கு!

கணவாய் உச்சியில் காற்று காதை அறுத்தது. கீழே போ ஏரிவரை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று தெரியவில்லை. வேண்டுமென்றே எழுதுகிறேன் இதை. 'பெண்களுக்கான பாதுகாப்புக் குறிப்புகள்' எதிலும் இந்த இறக்கம் இருக்காது. குழுவோடு போ, இருட்டும் முன் சேர், யாரிடமும் வழியைச் சொல்லாதே என்பதோடு அவை முடிந்துவிடும். எல்லாக் குறிப்பும் என்னைச் சுருக்கத்தான். அலுவலகத்துப் பையனுக்கு ஒரு குறிப்புகூட இல்லை. தனியாகச் சைக்கிள் மிதிக்கும் பெண்ணைக் கண்டால் வண்டியை மெதுவாக்காதே, இரவு எங்கே தங்குகிறாய் என்று கேட்காதே, உதவி வேண்டுமா என்று தூரத்திலிருந்து ஒருமுறை கேட்டுவிட்டுப் போ. இதை ஆண்களுக்கு அச்சடித்து, கரடிக் காகிதத்தோடு அதே நுழைவாயிலில் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

அடுத்த கோடையில் மேற்கே போகிறேன், 16ஆம் எண் சாலையில். சைக்கிள் வழிகாட்டி எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிரின்ஸ் ஜார்ஜ் பக்கத்தில் சால்மனுக்கும் முகாம் திடல் கட்டணத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு மேலே அந்தச் சாலையின் பெயரைப் போடுங்கள். கீழே பேருந்து எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த ஊர்களில் நிற்காது என்பதையும் போடுங்கள்.