எந்தக் கடை செட் நல்ல செட்?



சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் வரும் நேரத்தில் நம்மவர்களிடையே எழும் சூடான விவாதம் வரியைப் பற்றியது அல்ல, வாடகையைப் பற்றியதும் அல்ல. "தட்டுவடை செட் எந்தக் கடையில் நன்றாக இருக்கும்?" என்பதுதான். சென்ற கூட்டத்திலும் அதுவே நடந்தது. சேலம் அம்மாப்பேட்டைக்கு மிஞ்சியது எதுவுமில்லை என்றார் ஒருவர். குகையில் சாப்பிடாதவர் பேசவே கூடாது என்றார் இன்னொருவர். லீ பஜாருக்குச் சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தட்டு பார்க்காமல் லாரி ஏறுவதில்லை என்றார் மூன்றாமவர். "தொப்பூர் கணவாயைத் தாண்டி எதற்குப் போகவேண்டும்? தர்மபுரியிலேயே அதைவிட நல்ல வண்டி வந்துவிட்டது" என்று நமது நல்லம்பள்ளி நண்பர் ஒரு போடு போட்டார். அவ்வளவுதான், தேநீர் ஆறிப் போயிற்று. முடிவு மட்டும் ஏற்படவில்லை.

இந்த விவாதத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நல்லம்பள்ளியில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்துவரும் நமக்கு, இந்தக் கேள்வியில் ஒரு பாதி எப்போதும் விடுபட்டுப் போவதாகத் தோன்றுகிறது. அந்தப் பாதி நம்மைப் பற்றியது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

செட் என்றால் என்ன?

பிற மாவட்டத்து வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். சேலத்துத் தட்டுவடை என்பது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, மொறுமொறுப்பாகச் சுட்ட சிறு வட்டு. ஒரு தட்டுவடையின்மேல் கொத்தமல்லி புதினா அரைத்த பச்சைச் சட்னி, வரமிளகாயும் பூண்டும் சேர்ந்த சிவப்புச் சட்னி இரண்டையும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடிக் கொடுத்தால் அது ஒரு செட். அதையே நொறுக்கிச் சட்னியோடு கலந்தால் நொறுக்கல். மாலை நான்கு மணிக்குமேல் சேலத்துத் தெருமுனைகளில் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்பது இதற்காகத்தான்.

நமது பேரப்பிள்ளைகள் இதை "நம்ம ஊர் பீட்சா" என்கிறார்கள். கேலியாகச் சொன்னாலும் பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. அடியில் ஒரு வட்டு, மேலே சாறு, அதன்மேல் காய். 1996-இல் டெல்லியில் டாமினோஸும் பெங்களூரில் பீட்சா ஹட்டும் கடை திறந்தபோது நமது பக்கத்தில் அந்தப் பெயரே பலருக்குத் தெரியாது. இன்று சின்ன ஊர்ப் பிள்ளைகளும் கைப்பேசியிலேயே அதை வரவழைக்கிறார்கள். அதற்கு நடுவிலும் தள்ளுவண்டி செட் நிலைத்து நிற்கிறது என்றால், அதன் ருசியும் விலையும்தான் காரணம்.

ஒரு மூட்டை செய்த வேலை

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். இது நமது குடோனில் நடந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். அடைமழை. குடோனில் நான்கு மாதமாகக் கிடந்த பொட்டுக்கடலை மூட்டைகள் சில இருந்தன. பழைய சரக்கு முதலில் போகட்டும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தானே? புதிய மூட்டைகளை உள்ளே அடுக்கிவிட்டு, பழையதைச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பினோம். பிரித்து முகர்ந்து பார்க்கவில்லை. விலையிலும் ஒரு பைசா குறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஓர் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் தட்டுவடை சுட்டு மூன்று வண்டிகளுக்குப் போடுபவர். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"ஐயா, இதைக் கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க" என்றார்.

போட்டுப் பார்த்தோம். முதல் கடியில் தெரியவில்லை. விழுங்கியபிறகு தொண்டையில் காறல் நின்றது.

"எண்ணெய் புதுசுதானுங்க. அரிசி மாவு நானே அரைச்சது. உங்க கடலையிலதான் ஏதோ இருக்குது. ஒரு வண்டிக்காரர் என்கிட்ட வாங்கறதையே நிறுத்திட்டாரு. எதிர் வண்டிதான் இப்ப ஊரிலேயே நல்ல வண்டின்னு ஜனங்க பேசறாங்களாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் நம்மை அதிகம் சுட்டது.

மீதி மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு புதியது கொடுத்தோம். ஆனால் போன வாடிக்கையை மூட்டையில் கட்டிக் கொடுக்க முடியுமா? அந்த வண்டிக்காரர் வேறிடத்தில் வாங்கத் தொடங்கியவர், திரும்பவே இல்லை.

அன்று ஊரில் "எந்த வண்டி நல்ல வண்டி" என்ற தீர்ப்பு மாறியது. மாற்றியது யார்? சட்னி அரைத்தவரா? தட்டுவடை சுட்டவரா? இல்லை. பிரித்துப் பார்க்காமல் மூட்டையை அனுப்பிய நாம்தான் மாற்றினோம். தின்றவர்கள் ஒருவருக்கும் நமது பெயர் தெரியாது. பழி முழுவதும் வண்டிக்காரர் தலையில்.

நண்பர்களின் மறுப்பு

இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு நண்பர் மறுத்தார். "ஒரே கடையில் ஒரே சரக்கை வாங்கும் இரண்டு வண்டியில் ஒன்று கூட்டமாகவும் ஒன்று காலியாகவும் இருக்கிறதே, அது கைப்பக்குவம்தானே?" என்றார். உண்மைதான். சட்னியின் பதம், காய் துருவும் நேரம், எலுமிச்சை பிழியும் அளவு எல்லாம் அவரவர் கைவண்ணம். அதில் நமக்குப் பங்கில்லை. ஆனால் கைப்பக்குவம் நல்ல சரக்கை உயர்த்துமே தவிர, காறல் எடுத்த சரக்கைக் காப்பாற்றாது. காறலை எந்தச் சட்னியும் மூடாது.

இன்னொரு நண்பர், "அவர்களே மலிவாகக் கேட்கிறார்கள், நாம் என்ன செய்வது?" என்றார். இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். ஐந்து கிலோ அரிசி மாவுக்கு ஒரு கிலோ பொட்டுக்கடலை என்று வைத்தால், சிறிய தட்டுவடை ஆயிரத்துக்குக் குறையாமல் வரும். தட்டுக்கு ஐந்து செட், அதாவது பத்துத் தட்டுவடை என்றால் நூறு தட்டு. நல்ல கடலைக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்றாலும் ஒரு தட்டுக்குப் பத்துப் பைசாதான். பத்துப் பைசாவை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வண்டியின் பெயரையே கெடுப்பது வியாபாரமா? இந்தக் கணக்கைக் கல்லாவில் உட்கார்ந்து நாம்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இத்தாலிக்காரர்கள் செய்தது

பீட்சாவின் தாய்வீடான இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரிலும் இதே சண்டைதான். தெருவுக்குத் தெரு கடை, ஆளுக்கு ஆள் ஒரு தீர்ப்பு. 1984-இல் அந்த ஊர்க் கடைக்காரர்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்தார்கள். எந்தக் கடை முதல் கடை என்று அந்தச் சங்கம் எழுதவில்லை. எது சரியான பீட்சா என்று எழுதிற்று. மாவு எப்படிப் புளிக்க வேண்டும், என்ன தக்காளி, என்ன பாலாடைக்கட்டி, விறகு அடுப்பில் 485 டிகிரி வெப்பத்தில் 60 முதல் 90 நொடிக்குள் எப்படி வேக வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தார்கள். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தது. 2017-இல் நேப்பிள்ஸ் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. யார் சிறந்தவர் என்ற சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை. ஆனால் எது நேர்மையான பண்டம் என்பதில் எழுத்து இருக்கிறது.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும், மணப்பாறை முறுக்கும் சேலம் ஜவ்வரிசியும் 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. அந்தப் பதிவகம் இருப்பதே சென்னை கிண்டியில்தான். தனி ஆள் கேட்டால் கிடைக்காது, உற்பத்தியாளர்கள் அமைப்பாகச் சேர்ந்து, செய்முறையை எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். சேலத்துச் செட்காரர்கள் ஒன்றுகூடினால், மளிகைக்காரர்கள் துணை நின்றால், இது ஆகாத காரியம் அல்ல.

எழுத்தில் பெயர் இருப்பதன் அருமைக்கு இன்னோர் உதாரணம். 22-9-2025 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பீட்சா ரொட்டிக்கு இருந்த 5 சதவீதம் அடியோடு நீங்கியது. சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் வரி நீங்கியது. மகிழ்ச்சி. அடைத்துப் பெயர் போட்டு விற்கும் காரவகைகளுக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. அதற்கும் நன்றி. ஆனாலும் பீட்சா ரொட்டிக்கு வரி இல்லை, பொட்டலத் தட்டுவடைக்கு உண்டு. அட்டவணையில் ஒன்றுக்குத் தனிப்பெயர் இருக்கிறது, மற்றது கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறது. கோரிக்கை வைப்பதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும், அந்தப் பெயருக்கு ஒரு தரம் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பதிவும் குறியீடும் வரும்போது வரட்டும். அதற்கு முன்பே நமது கடை வாசலில் செய்யக்கூடியவை உள்ளன.

முதலாவது, மூட்டை வந்த தேதியை மூட்டைமீதே எழுதுங்கள். மேற்சொன்ன சம்பவத்துக்குப் பிறகு நமது குடோனில் கரித்துண்டால் எழுதத் தொடங்கினோம். பழையது முதலில் போகட்டும், தவறில்லை. ஆனால் பிரித்து, முகர்ந்து, வாயில் போட்டுப் பார்த்தபிறகு போகட்டும். காறல் இருந்தால் அது விற்பனைக்கு அல்ல.

இரண்டாவது, எண்ணெய். ஒரு முறை காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கேடு சேர்கிறது. அந்தக் கெட்ட பொருள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1-7-2018 முதல் விதி இருக்கிறது. பெரிய சமையற்கூடங்களில் கழிந்த எண்ணெய் மலிவு விலையில் சிறு வியாபாரிகள் கைக்கு வருவதுண்டு. அதற்கு நம்மில் எவரும் இடைத்தரகராக இருக்கக் கூடாது. கடலை எண்ணெய் என்று சொன்னால் கடலை எண்ணெய், பாமாயில் என்றால் பாமாயில். இரண்டில் எது வாங்குவது என்பது வாங்குபவர் விருப்பம். கலந்து கொடுக்கும் உரிமை நமக்கில்லை.

மூன்றாவது, மிளகாய்த்தூள். கண்ணைப் பறிக்கும் சிவப்புக்கு மயங்கிச் சாயமேற்றிய தூளை வாங்கி வைக்காதீர்கள். சட்னி சிவப்பாக இருப்பதற்கு நல்ல வரமிளகாய் போதும்.

நான்காவது, வண்டிக்காரரைச் சின்ன வாடிக்கை என்று நினைக்காதீர்கள். திருமண வீட்டுக்காரர் ஆயுளில் இரண்டு முறை பெரிய பில் போடுவார். வண்டிக்காரர் ஆண்டில் முந்நூறு நாள் வருவார். பற்று வைத்தால் வாரக் கடைசியில் தீர்ப்பவரும் அவர்தான். அவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இல்லையென்றால் விண்ணப்பம் எழுத உதவுங்கள். நமது பிள்ளைகளுக்குக் கணினியில் அது அரை மணி நேர வேலை.

அடுத்த கூட்டத்திலும் தேநீர் வரும், விவாதமும் வரும். அம்மாப்பேட்டையா, குகையா, செவ்வாய்ப்பேட்டையா, தர்மபுரியா என்று நாமும் சேர்ந்தே பேசுவோம். நமது ஓட்டு எதற்கு என்று கேட்டால், இப்போதைக்குச் சொல்வதாக இல்லை. ஆனால் பேசத் தொடங்கும்முன் ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். அந்த வண்டிக்குப் போகும் மூட்டை நமது கடையிலிருந்து போனதாக இருந்தால், அதை நாம் பிரித்துப் பார்த்தோமா?

அந்த அம்மா இன்றும் தட்டுவடை சுடுகிறார். நம்மிடம்தான் கடலை எடுக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் மூட்டையைப் பிரித்து, நான்கு கடலையை வாயில் போட்டுப் பார்த்தபிறகுதான் பணம் எண்ணுகிறார். நாம் கோபப்படுவதில்லை. கத்தியை நாமே எடுத்துவந்து மூட்டையைப் பிரித்துக் கொடுக்கிறோம்.